எதிர்மேட்டு வெளிச்சம்

குன்னூரில் பெயிண்ட் அடிக்க
மார்ச்சில் ஒரு பத்து நாள் கிடைக்கும்.
அதற்கு முன்னால் உறைபனி, பின்னால் கோடைமழை.
அந்தப் பத்து நாளில் குணசீலனுக்கும் நேரமிருக்க வேண்டும்.

இல்லை.
மேட்டுப்பாளையத்தில் கல்யாண மண்டபம் பிடித்துவிட்டானாம்.
உப்புத்தாளும் சுரண்டும் தகடும் மட்டும்
தம்பியிடம் கொடுத்தனுப்பியிருந்தான்.
"சுரண்டி வைங்கக்கா, வந்துடறேன்."

சுரண்டினேன்.
பீரோவை நகர்த்தினால் பூஞ்சை,
கறுப்பு ஆட்டுக்குட்டி ஒன்று
சுவரில் படுத்த அளவுக்கு.
அதன் அடியில் ரோஸ் டிஸ்டெம்பர்,
நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அடித்தது.
ரோஸுக்கு அடியில் ஆஸ்பத்திரிப் பச்சை,
எங்கிருந்து வந்தது என்று
மாமனாரிடம் யாரும் கேட்காத டப்பா.
பச்சைக்கும் அடியில் நீலம் கலந்த சுண்ணாம்பு.
அது என் காலம் அல்ல.
விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது
பேர் தெரியாத குழந்தை மாதிரி.

கை ஓய்ந்தபோதெல்லாம் சன்னல்.

சமவெளியில் வீடுகளை முகம் பார்த்துப் பழகுவார்கள்.
இங்கே உச்சந்தலை.
கீழ்வீட்டுத் தகரத்தில் எங்கே துரு,
எந்த ஓட்டையை எந்தத் தேர்தலின் பேனர் மூடியிருக்கிறது,
எல்லாம் சொல்வேன்.
வாசற்கதவு என்ன நிறம் என்றால் தெரியாது.

ஓடைக்கு அந்தப் பக்கம் எதிர்மேடு.
நான் வந்தபோது ஒன்பது கூரை, ஒன்பதும் தகரம்.
போஜன் கேரட் காட்டின் மேல்படியை விற்று
மாடி எடுத்தார், ஆரஞ்சு நிறத்தில்.
எல்லோரும் சிரித்தோம்.
அடுத்த தீபாவளிக்குள் நாலு வீடு ஆரஞ்சு.
இரண்டு மழையில் அத்தனையும்
உப்பில் ஊறிய மாங்காய்த் துண்டாயின.

ஒரு வீடு சரிந்தது,
நவம்பரில், ராத்திரியில், மண்ணோடு.
ஆட்கள் முந்தின நாளே
பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.
விடிந்தபோது ஒற்றை உள்சுவர் நின்றது,
இளம் ஊதா.
அத்தனை வருஷம் எதிரிலேயே இருந்தும்
அந்தத் தகரத்துக்குக் கீழே ஊதா இருந்தது
அன்றைக்குத்தான் தெரியும் எனக்கு.

இப்போது அங்கே கண்ணாடி முகப்பில் தங்கும் விடுதி.
ஞாயிறுகளில்
திரும்ப இடமில்லாத கார்கள்
பின்பக்கமாகவே மேடேறும் சத்தம்.

நிற அட்டையில் மூடுபனி என்று ஒன்று இருக்கிறது.
லிட்டர் நானூற்றி எண்பது.
சன்னலைத் திறந்து வைத்தால்
சும்மா வந்து கட்டிலில் உட்காரும் சாமான்.
சொன்னேன். கடைக்காரர் சிரிக்கவில்லை.
மஞ்சள் வாங்கிக்கொண்டு வந்தேன்.

குணசீலன் கடைசிவரை வரவில்லை.
நானே அடித்தேன்.
ஓசூரிலிருந்து மகன் போனில் பார்த்து
"இடது மூலை திட்டுத் திட்டா இருக்கும்மா" என்றான்.
பீரோவின் பின்பக்கம் மட்டும் அடிக்கவில்லை.
மனசு வராமலெல்லாம் இல்லை,
பெயிண்ட் தீர்ந்துவிட்டது.

நாலு நாள் கழித்து ரேஷன் கடை வரிசை.
பாமாயில் பையோடு ஒருத்தி
என் ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தண்ணித்தொட்டிக்குப் பக்கத்து வீடுதானே?
இது உங்க கொடியில தொங்கும்.
ரெண்டு மூணு ராத்திரியா
உங்க லைட்டு வேற மாதிரி எரியுதே,
வீட்ல விசேஷமா?"

"நீங்க எந்த வீடு?"

பையைக் கை மாற்றினாள்.
"இப்ப போஜன் வீட்டுக்குக் கீழ, வாடகைக்கு.
முன்னாடி ஊதா வீடு.
வெளிய தெரியாது, உள்ளதான் ஊதா."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் என் முறை.
உப்புத்தாள் தேய்த்த கட்டைவிரலை
மெஷின் ஏற்கவில்லை.
"மறுபடி வைங்க" என்றார்.
வைத்தேன்.
பின்னால் அவள்
"அவங்கதான், எனக்குத் தெரியும்" என்றாள்
யாரிடம் என்றில்லாமல்.