பன்னிரண்டு நொடிக் குத்தகை

முருகன்குறிச்சி எலும்பு டாக்டரிடம்
டோக்கன் எழுதுவது நான்.
ஏழு மணிக்கு வந்தவருக்கு ஒன்று,
ஏழு ஒன்றுக்கு வந்தவருக்கு இரண்டு.
ஐம்பது ரூபாயை மடித்து நோட்டுக்கடியில் செருகுவார்கள்.
எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
தேவஇரக்கத்துக்கிட்ட மட்டும் பாச்சா பலிக்காது என்று
பெஞ்சில் ஒரு பேச்சு உண்டு.

இரவில் வேறு வரிசை.
தியாகராஜ நகர் மாடி அறையில்
டிபன் பெட்டி அளவில் ஓர் எந்திரம்.
மஸ்கட்டில் இருக்கும் அத்தான்
விலை மலிந்த காலத்தில் வாங்கிப் போட்ட
முப்பத்திரண்டு ஈதரைப் பணயம் வைத்து
யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கணக்கேட்டுக்குக்
காவல் வேலை பிடித்திருக்கிறார்.
கரண்ட் போனால் இன்வெர்ட்டர்,
நெட் போனால் நான்.
வருவதில் கால் பங்கு எனக்கு.

நாலரை மாதத்துக்கு ஒருக்கால் எங்கள் முறை.
பன்னிரண்டு நொடி.
அதற்குள் எவர் எதை வாங்கினாலும் விற்றாலும்
யாருக்கு முன்னால் யார் என்பது
எங்கள் கையில்.

கையில் என்றால்
கையில் இல்லை.
குளத்தை மீன்பாசி ஏலம் விடுகிறதில்லையா,
அப்படி வரிசையை ஏலம் விடுகிறோம்.
கேட்கிறவர்கள் முகம் தெரியாது.
கூடக் கேட்டவனுக்குக் குளம்.
தூண்டில் போடுவானோ, மடை திறந்து வடித்தே அள்ளுவானோ,
கரையில் நிற்கிறவனுக்கு என்ன?

என்ன வலை என்று பிறகுதான் படித்தேன்.
ஒருவன் வாங்க வருகிறான்.
இன்னும் வாங்கவில்லை, வருகிறது மட்டும் தெரிகிறது.
ஒரு மயிரிழை முன்னால் புகுந்து நீ வாங்கு.
ஏறின விலைக்கு அவன் வாங்கட்டும், இன்னும் ஏறும்.
அவன் முதுகு ஒட்டியே விற்றுவிடு.
மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி.
ஆனால் இந்த மத்தளத்துக்கு அடித்தவன் தெரியாது,
சந்தை என்று நினைத்துக்கொள்ளும்.

அத்தானிடம் கேட்டேன்.
"நாம விடலன்னா அடுத்தவன் விடப் போறான்லே.
ஏலம் நிக்கவா போகுது?"

புதன்கிழமை ராத்திரி
இரண்டு பதினேழுக்கு முறை வந்தது.
ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
மஸ்கட்டிலிருந்து ஒரு மஞ்சள் கட்டைவிரல் வந்தது.

வியாழன் காலை, டோக்கன் பத்தொன்பது,
சீவலப்பேரி முப்பிடாதி.
தோள்பட்டை இறங்கி
இடது கையால் போனைத் தடவிக்கொண்டே
யாரிடமோ சொல்கிறார்:
"நாப்பதாயிரத்துக்கு ஒரு காயின் வாங்குனேன் வே.
நான் வாரது தெரிஞ்ச மாரி ஏறுச்சு,
வாங்கி முடிச்ச கையோட எறங்கிட்டு.
ரெண்டாயிரம் போன வழி தெரியல.
நோவுல ஒறக்கம் வரல பாத்துக்கோ,
ராத்திரி ரெண்டேகாலு இருக்கும்."

இரண்டேகால் வேறு,
இரண்டு பதினேழு வேறு.
நடுவில் இரண்டு நிமிஷம்.
பத்துக் குளம் பத்துப் பேருக்குக் கைமாறியிருக்கும்.
நோட்டின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தேன்,
பத்துதான்.

ஆனாலும்
நாலாம் ஆள் மாவுக்கட்டோடு வெளியே வந்ததும்
"முப்பிடாதி" என்று கூப்பிட்டேன்.

பதினைந்து வருஷத்தில் முதல் தடவை.
அவர் ஒற்றைக் கையால் கும்பிட்டுவிட்டு
உள்ளே போனார்.

டோக்கன் ஐந்து,
மேலப்பாளையத்து மைமூன்,
பீடி சுற்றிச் சுற்றி வீங்கின மணிக்கட்டு.
கதவைப் பார்த்தாள்.
கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள்.
பிறகு அதைத் திருப்பி
மறுபக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள்.