ஒரு ஆளா, ரெண்டு ஆளா

ரப்பர் ஷீட் எடைபோடும் தராசு நாலு,
குலசேகரத்தில் ஆசீர்வாதத்தின் கடையிலிருந்து
ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கேட்டு வாங்கினோம்.
திங்கள் காலை முதல் கட்டு வருமுன் திருப்பித் தரவேண்டும்.
புகைக்கூட்டின் மணம் இன்னும் ஒட்டியிருந்த தட்டுகளில்
சக்கரத்துக்கு ஒன்றாகக் காரை ஏற்றினோம்.

முன் இடது நூற்று நாற்பத்தெட்டு.
முன் வலது நூற்று ஐம்பத்தாறு.
பின்னால் இரண்டும் சேர்த்து முந்நூற்று முப்பத்தாறு.
ஆக அறுநூற்று நாற்பது கிலோ.
கதவு இல்லை, கூரை இல்லை, பாட்டுப்பெட்டி இல்லை,
என் நான்கு வருடச் சம்பளத்தில் பாதியும் இல்லை.

கோவை டிராக்குக்கென்று வாங்கிய டயர்களை உருட்டிக் காட்டினேன்.
வரி அதிகமில்லாத, அகலமான, மெதுவான ரப்பர்.
அலைன்மென்ட் தபசிமுத்து கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார்.
நகம் பதிந்தது.
"சூடேறினா நல்லா ஒட்டும் மக்கா.
சூடேத்துகதுக்கு ஒனக்க வண்டில எட எங்க?"

இல்லை.
கனத்த கார் ஒரே சுற்றில் வாங்கிவிடும் சூட்டை
இது நாலு சுற்று கெஞ்சவேண்டும்.
கெஞ்சி முடிக்கும்போது கொடி காட்டிவிடுவார்கள்.

வெளியே ரப்பர் மரங்கள்
பால்வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டி நின்றன.
ஆனியில் மேற்கிலிருந்து ஒரு மழை,
ஐப்பசியில் கிழக்கிலிருந்து ஒரு மழை,
நடுவில் பெய்வதற்குப் பெயர் கிடையாது.
மரத்துக்கே துணி தேவைப்படும் ஊரில்
வரியில்லா டயரில் அழகியமண்டபம் இறக்கத்தை
நினைத்துப் பார்த்தேன்.
பிறகு நினைக்கவில்லை.

ஸ்பிரிங் இரண்டு ஜோடி இருந்தது.
கடினமானதைப் போட்டு வில்லுக்குறிவரை போனதில்
நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது பரவாயில்லை.
தார் பெயர்ந்த இடத்தில் பின்சக்கரம் தரையை விட்டு
ஒரு மூச்சு நேரம் எழும்பியது.
அந்தரத்தில் நிற்கும் சக்கரத்துக்கு
எந்த ரப்பர் போட்டால் என்ன?

மெதுவானதை மாட்டினோம்.
என் இருக்கையில் என் எடைக்கு மணல்மூட்டை, எழுபத்தொன்று.
குறுக்கு எடை கூட்டி, உயரம் திருகி,
மூலைகள் ஒத்துவரும் நேரத்தில்
நைட் டூட்டி முடிந்து தக்கலையிலிருந்து பெனிலா வந்தாள்.
எக்ஸ்ரே அறையின் குளிர் இன்னும் கையில்.
"நான் எங்க இருக்கதா கணக்கு?" என்றாள்.

நானும் தபசிமுத்துவும் ஸ்பானரைப் பார்த்தோம்.

அவள் இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.
ஒத்திருந்த நாலு எண்ணும் நாலு பக்கம் போயின.
ஐம்பத்தெட்டு.
"தராசு ரெண்டு கிலோ கூட காட்டுது" என்றாள்.
மற்ற கார்களில் ஆள் ஏறினால் ஏறினதுதான்.
இதில் அவள் பன்னிரண்டில் ஒரு பங்கு.

"டிராக்குக்கு வருசத்துக்கு எத்தன நாளு போவ?"
"நாலு."
"அப்போ சொல்லு, ஒரு ஆளா, ரெண்டு ஆளா?
ஸ்பிரிங்குக்கு அது ஒண்ணுதான் தெரியணும், கேட்டியா."

மீண்டும் முதலிலிருந்து திருகினோம்.
அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.
அது நல்லதாயிற்று, முள் ஆடவில்லை.

நூற்று எழுபத்தைந்து அகலம், ஆழமான வரி, சாதாரண ரப்பர்.
காற்று இருபத்திரண்டு போதும், எல்லோரும் சிரிக்கும் அளவு.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றும் வேகத்துக்கு
பக்கக்காற்று தள்ளியது;
தள்ளிய இடத்திலிருந்து தானே திரும்பி வந்தது கார்.
பெனிலா துப்பட்டாவைப் பல்லில் பிடித்திருந்தாள்.

தராசைத் திருப்பிக் கொடுக்கையில்
ஆசீர்வாதம் கேட்டார்: "எத்தன கிலோ கிட்டிச்சு?"
சொன்னேன்.
"இன்னத்த வெலைக்குப் போட்டா..." என்று
விரல் மடக்க ஆரம்பித்தார்.

மாசியில் கோவைக்குத் தனியாகப் போனேன்.
இடது வளைவில் பிரேக் மிதித்தால்
முன் இடது சக்கரம்தான் முதலில் பூட்டிக்கொள்கிறது,
அந்தப் பக்கம் யாரோ இப்போதுதான்
இறங்கிப் போனதுபோல் லேசாக.
சுற்றுக்கு முக்கால் நொடி நஷ்டம்.
காலி இருக்கையில் மணல்மூட்டை கட்டிப்பார் என்றார்கள்.
வேண்டாம் என்றேன்.