கைப்பிடி உடைந்த பாத்திரம்

மொந்தேவிதியோவில் ஆகஸ்ட் மாதம்.
குளிர் எலும்புக்குள் குடியேறி
வாடகை தராமல் உட்கார்ந்திருக்கும்.
ஞாயிறு. நான்காம் மாடி.
அடுப்பில் கைப்பிடி உடைந்த சின்னப் பாத்திரம்.
அதில் வேறெதுவும் சமைப்பதில்லை.

கடைப் பெண் எழுதித் தந்த துண்டுச் சீட்டு
இன்னும் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது,
மின்கட்டண ரசீதுக்கு அடியில்.
ரத்த அழுத்த மாத்திரைக்குச் சொல்வதுபோல
முகம் மாறாமல் சொன்னாள்:
இதில் மோட்டார் இல்லை, கொதிக்க வைக்கலாம்,
மூன்று நிமிடம் போதும்.
மற்ற நாளில் வாசனை இல்லாத சோப்பு.
எண்ணெய் எதுவும் வேண்டாம், தண்ணீர்ப் பசைதான்.
இன்னொன்று வாங்கினால் இதோடு ஒட்டி வைக்காதீர்கள்,
ஒன்றையொன்று உருக்கிவிடும்.
சில கல்யாணங்கள் மாதிரி, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. பில் போட்டாள்.

எனக்கு வயது அறுபத்திரண்டு.
முப்பத்தொரு வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்தேன்.
ஊரே தொட்ட சில்லறையைத் தொட்ட கை இது.
வீடு வந்தால் ஹோராசியோவின் சட்டைக் காலர்,
அவன் பல்செட், அவன் மீன் கத்தி,
கடைசி இரண்டு வருடம் அவனையே
கழுவித் துடைத்தேன்.
குறை சொல்லவில்லை. கணக்குச் சொல்கிறேன்.
எனக்காக மட்டும் அழுக்காகி
இந்த வீட்டில் நான் கழுவும் பொருள்
இது ஒன்றுதான்.

அழுக்கு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.
தவறாகக் கிழித்த டிக்கெட்டின் பின்னால்
கையெழுத்திட்டுத் திரும்பப் பெறுவோமே, அப்படி.

கத்தரிக்காய் நிறம்.
முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகு நுரை,
மடிப்புகளில் விரல் நுனி.
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி
விரிசல் உண்டா என்று பார்ப்பேன்.
என் முழங்காலைக்கூட
இவ்வளவு அக்கறையாய்ப் பார்த்ததில்லை.

கொதி வந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.
மூன்றாம் மாடி மிர்த்தா,
அக்குளில் தெர்மோஸ், கையில் மாத்தே குடுவை.
கீழே காஸ் தீர்ந்துவிட்டதாம்,
கொஞ்சம் சுடுதண்ணீர்.

அடுப்பை முதுகால் மறைத்தேன்.
இது கொதித்துவிட்டது மிர்த்தா, இலை வெந்து கசந்துவிடும்.
இந்த நாட்டில் நடக்கக் கற்கும் முன்பே
எல்லோருக்கும் தெரிந்த நியாயம்.
ஆறட்டும், என்று நாற்காலியை இழுத்து
அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பாத்திரத்தின் பக்கவாட்டில்
டொக்.
டொக், டொக்.

முட்டையா?
முட்டைதான்.
ஒன்றுதானா?

பொய் சொன்னால் என் காது சிவக்கும்.
டிப்போ கண்காணிப்பாளர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த காது.
மிர்த்தா அதைப் பார்த்தாள்.
பிறகு பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் எழுந்து
கெண்டியில் தண்ணீர் பிடித்துப் பக்கத்து அடுப்பில் வைத்தாள்.
எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.
சுவரில் மாட்டிய நாள்காட்டியை
ஒரு பக்கம் விடாமல் படித்தாள், டிசம்பர் வரை.
அடியில் சின்னக் குமிழிகள் கிளம்பியதும்,
கொதிக்க விடாமல், அணைத்தாள்.
தெர்மோஸ் நிறைந்தது. மூடியைத் திருகினாள்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே,
திரும்பாமல்:
வெயிலில் காயவைக்காதே, சுல்மா.
நிறம் போய்விடும்.

படிகளில் அவள் இறங்கும் சத்தம் நிற்கும்வரை நின்றேன்.
மூன்று நிமிடம் பதினொன்றாகியிருந்தது.
மரக்கரண்டியால் எடுத்து
குளியலறை நிழலில், பருத்தித் துண்டின் மேல் படுக்கவைத்தேன்.
காய்ந்ததும் அதற்கென்று தைத்த பையில் போகும்,
நாடாவை இரண்டு முடிச்சாகப் போடுவேன்.

காஸ் சிலிண்டர் செவ்வாய்க்குத்தான் வரும்.
அதுவரை தினமும் தெர்மோஸோடு ஏறுவாள்.
கெண்டியைத் தயாராக வைத்திருக்கிறேன்.
கேட்க வேண்டும்:
உன்னுடையது
முதலில் என்ன நிறமாக இருந்தது?