இறுதிப் பயனர்

சுற்றறிக்கை வியாழன் இரவு வந்தது.
பதினாறு பக்கம்.
போர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.
'அட்டவணை மூன்று, திருத்தப்பட்டது' என்றிருந்தது.
வால்வு, பேரிங்,
இன்ன தடிமனுக்கு மேற்பட்ட அலுமினியக் குழாய்,
இன்ன அழுத்தத்துக்குக் கீழே
காற்றை இழுக்கக்கூடிய எதுவும்.

முன்பு கோட்டையைச் சுற்றி அகழி வெட்டி
முதலை விட்டார்கள்.
இப்போது எக்செல்லில் ஒரு பத்தி கூட்டுகிறார்கள்.
அந்தப் பத்தியில் காவல் நிற்பவள் நான்.
மஃபாஸா, ஆவணப் பிரிவு, தேரா துபாய்.
சம்பளம் நாலாயிரத்து இருநூறு திர்ஹம்,
மெட்ரோ அட்டை தனி.

ஓடையில் மூன்றாம் வரிசையில் கட்டிக் கிடக்கிறது
நகுதா குலாம் தஷ்டியின் மரக்கலம்.
டயர், கம்பளி, சலவை மெஷின், குழந்தை டயாப்பர்
எல்லாம் ஏறிவிட்டன.
ஒரு பெட்டி மட்டும் என் மேசையில் தட்டி நிற்கிறது:
வெற்றிட பம்ப், ஒன்று.
எடை நாற்பத்தோரு கிலோ.
வாங்குபவர் அக்கரையில் ஓர் ஐஸ்கிரீம் கம்பெனி.

"இதைக் கடைசியில் பயன்படுத்தப்போவது யார்?"
படிவத்தில் உள்ளபடி கேட்டேன்,
எங்கள் இருவருக்குமே சொந்தமில்லாத ஹிந்தியில்.
நகுதா கொஞ்சம் யோசித்து
"நாக்கு" என்றார்.
சிரிப்பு வந்தது. கட்டத்தில் எழுத முடியாது.

பாலிலிருந்து காற்றை உறிஞ்சுவது அதன் வேலையாம்.
இருக்கலாம்.
வேறொரு கூரைக்குக் கீழே, வேறொரு உருளையிலிருந்து
இதே பம்ப் உறிஞ்சும் என்கிறது பதினாறு பக்கம்.
அதுவும் இருக்கலாம்.
பம்புக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
தெரியாத இருவரில்
ஒருத்திக்குத்தான் கையெழுத்து அதிகாரம்.

போன வருஷம் நான் விட்ட சரக்கு ஒன்று:
ரொட்டி அடுப்புக்கு வெப்ப உணரி, இருநூறு.
ஏழு மாதம் கழித்து ஒருவர் வந்தார்.
மரியாதையாகத்தான் பேசினார்.
சுலைமானி குடித்தார், சீனி வேண்டாமென்றார்.
ஒரு புகைப்படத்தை என் பக்கம் திருப்பினார்:
பாதி எரிந்த பச்சைப் பலகை,
ஓரத்தில் வரிசை எண்.
எங்கே விழுந்தது என்று அவர் சொல்லவில்லை.
யார்மேல் என்று நான் கேட்கவில்லை.
அந்த எண் மட்டும் என் பட்டியலில் இருந்தது,
என் கையெழுத்துக்கு நேர் மேலே.

அதிலிருந்து
தோசைக்கல் போனாலும் படிவம் கேட்கிறேன்.
"நீ கஸ்டம்ஸா, கல்யாணத் தரகரா?" என்பார்
முதலாளி லால்வானி.
இன்று அவரும் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம்
ஒரே பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

நிறுத்திவை.
சிவப்பு ஸ்டிக்கர் நான்கு பக்கமும்.
நகுதா சண்டை போடவில்லை.
இந்த ஓடையில் அவர் எத்தனை அட்டவணை பார்த்திருப்பார்.
பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள்.
நாற்பத்தோரு கிலோ குறைந்ததற்கு
கலம் ஒரு மயிரிழைகூட உயரவில்லை.
பகல் தொழுகைக்கு முன்பே போய்விட்டது.
போகும்போது கைகாட்டினார், எனக்கா
பக்கத்துக் கலத்துக்காரருக்கா தெரியவில்லை.

கரையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது பெட்டி.
நாற்பத்தாறு டிகிரி.
வேறு நிழல் இல்லாததால்
அதன் ஓரமாய்க் காலை மடக்கி உட்கார்ந்து
பரோட்டா பிய்க்கிறார் பலூச்சிச் சுமைகூலி ஒருவர்.
பூனை ஒன்று காத்திருக்கிறது.

எழுந்து ஏசியைக் கூட்டினேன்.
நாலரை மணிக்கு மெயில்:
'அட்டவணை மூன்று, பிழைத்திருத்தம்.
பக்கம் ஒன்பதில் கீழே என்பதை
மேலே என்று வாசிக்கவும்.'

பக்கம் ஒன்பதை எடுத்து
விரலால் வரி வரியாகக் கீழே வருகிறேன்.
கீழே என்ற சொல்
மூன்று இடத்தில் இருக்கிறது.