ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை

ருஸ்தாவியில் இரும்பாலைக்காரர்களின் நீச்சல் குளம்
வற்றி இருபது ஆண்டு.
பூட்டை அறுத்துத்தான் உள்ளே போனோம்.
நீல ஓடுகள். ஒரு செத்த புறா.
சுவரில் ஆழம் எழுதியிருந்தது: மூன்று மீட்டர் எண்பது.
எதன் ஆழம் என்று யாரும் கேட்கவில்லை.

நீரில்லாமல் நீரைக் கட்டுவது
நெஸ்தானின் யோசனை. அவள் ஆடுபவள்.
கட்டுவது என்றதும் கோச்சா வந்தான்,
கொதிகலன்களுக்குப் பற்றவைக்கிறவன்.
"சுவரொட்டியில் சிற்பி என்று போடாதே,
வெல்டர் என்றே போடு."
ம்ஸெவினார் கசக்கிய தகரத்தில் விளக்கைச் சாய்த்துக்
கூரை முழுக்க அலை விட்டாள்.
லாஷா மூன்று மாதம் ஆற்றோரம் கிடந்து ஒலி பிடித்தான்;
கடைசியில் ஒத்துவந்தது
அவன் வீட்டுக் குளியல் தொட்டி வடியும் சத்தம்.
எத்தேரி நீரியல் பொறியாளர். கலை பிடிக்காது.
இடுப்பளவு நீரில் ஒரு காலடிக்கு எத்தனை விநாடி என்று
கணக்குப் போட்டுக் கொடுத்தாள்.
நெஸ்தான் அந்தக் கணக்கைத்தான் ஆடினாள்.

நான் எழுத்து.
நாற்பது பக்கம் கொண்டுபோனேன்.
முதல் ஒத்திகையில் பதினொன்று போயிற்று;
எதிரொலி தின்றுவிட்டது என்றான் லாஷா.
கோச்சா ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு
"இது ஏற்கெனவே கம்பியில் இருக்கிறதே" என்று
தான் வளைத்த வளைவைக் காட்டினான்.
இருந்தது. அதுதான் எரிச்சல்.

நவம்பரில் எனக்கு மிச்சம் ஒரு சொல்.
வா.
ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை
ஆழமான பக்கத்திலிருந்து, கிசுகிசுப்பாக.
குரல் எத்தேரியுடையது.
உணர்ச்சியே இல்லை என்பதால் தேர்ந்தெடுத்தோம்.

முதல் இரவு அறுபது பேர்.
படியிறங்கியதும் பேச்சு தானாக நின்றது.
கைகள் உடம்பை விட்டு விலகி மிதந்தன.
ஒருத்தி பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்து நடந்தாள்,
நனையாதிருக்க.
இருட்டில் நாங்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டோம்.

அப்புறம் அவன்.
ஐம்பது வயதிருக்கும்.
கோட்டை மடித்தான், சட்டையை மடித்தான்,
கண்ணாடியை ஷூவுக்குள் வைத்தான்.
ஏணியேறி, குதிக்கும் பலகையின் நுனியில்
கால்விரல்களை விளிம்புக்கு மேல் மடக்கி நின்றான்,
அப்படி நிற்கத் தெரிந்தவன்.
கீழே அறுபது முகம் நிமிர்ந்து பார்த்தது,
நாடகம் என்று.

ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

எத்தேரிக்குத்தான் முதலில் புரிந்தது.
கூப்பிடப் போவது அவள் குரல்.
ஓடினாள், மெதுவாக நடக்கப் பழகாத ஒரே ஆள்.
ஒலிப்பெட்டியின் பின்னால் கையை விட்டு
எந்த வயர் என்று பார்க்காமல் அத்தனையும் பிடுங்கினாள்.
வடிந்துகொண்டே இருந்தது நின்றது.
ம்ஸெவினார் எல்லா விளக்கையும் போட்டாள்:
அலை போய்த் தரை வந்தது.
ஓடு. விரிசல். கம்பிகள், வெறும் கம்பிகளாய்.

அவன் குனிந்து பார்த்தான். வெகுநேரம்.
பிறகு திரும்பி, கைப்பிடியைப் பற்றி இறங்கினான்.
உடுத்திக்கொண்டான். கண்ணாடியைத் துடைத்தான்.
"இன்றைக்குத் தண்ணீர் சில்லென்று இருக்கும்"
என்றான், யாரிடமோ.

கைதட்டினார்கள்.

இரவு முழுக்கச் சண்டை.
ஜெயித்துவிட்டோம் என்றாள் நெஸ்தான்.
கொலைகாரர்கள் என்றாள் எத்தேரி.
லாஷா இரண்டுக்கும் தலையாட்டினான்.
விடிவதற்குள் கோச்சா பேசாமல் எழுந்துபோய்ப்
பலகையை அதன் இரும்புக் கையோடு அறுத்துப் போட்டான்.
வெட்டிய முனையை அரத்தால் மழுக்கியும் இருந்தான்,
யார் கையும் கிழியாதபடி.

இன்னும் பதினொரு நாள் நடந்தது.
ஏழாவது நிமிடத்தில் எதுவும் ஒலிக்கவில்லை.
லாஷா அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தான்,
ஒரு சொல்லின் நீளத்துக்கு.
வந்தவர்கள் அங்கே சற்று நின்று
தலையைத் திருப்பினார்கள்.

சம்பளப் பட்டியலில்
எழுத்து என்பதற்கு நேரே என் பெயர் இருந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.