பெஞ்ச் எண் ஏழு

ஏப்ரல் முதல் வாரம். பிட்டன்வீம் கடலோரச் சாலையில்
பதினோரு தேக்கு பெஞ்சுகள், பதினோரு இறந்தவர்கள்.
என்னிடம் ஒரு வாளி, சோப்பு,
நார்த்தூரிகை, எண்பதாம் நம்பர் உப்புத்தாள்.

போன வருடம் கல்லம் என்ற புதுப் பையன்
தண்ணீர்த் துப்பாக்கியைப் பிடித்துவிட்டான்.
பாசி போனது.
மரத்தின் மெத்தென்ற சதையும் சேர்ந்து போனது.
ரேகைகள் விலா எலும்பாய் எழும்பி நிற்க,
உட்கார்ந்தவர்களின் காலுறையெல்லாம் சிலாம்பு.
அதைச் சமன்செய்யத்தான் இந்தத் தேய்ப்பு,
ரேகை ஓடும் திசையில், குறுக்கே ஒருபோதும் இல்லை.

ஏழாவது பெஞ்ச்:
ஆர்ச்சி மெல்ட்ரம், 1938 – 2004
இந்தக் காட்சியை நேசித்தவர்

தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் விலகித்
தேன்நிறம் வருகிறது.
எழுத்தின் பள்ளமோ
வருடத்துக்கு ஒரு நகக்கனம் மேலேறி வருகிறது.
அவர் பிறந்த வருடம் எட்டா, மூன்றா?
விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.
'பராமரிக்கப்பட்டது' என்று பதிவேட்டில் கையெழுத்திடுகிறேன்.
அழிக்கப்பட்டது என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

எஃபி மெல்ட்ரம் ஃபிளாஸ்க்கோடு வந்தார்.
சொன்னேன்:
எண்ணெய் பூசினால் இந்த ஈரத்தில் கறுத்துப் பூஞ்சை கட்டும்.
சும்மா விட்டால் வெள்ளியாய் நரைக்கும்,
மரத்துக்கு ஒன்றும் ஆகாது, எண்ணெய் அதற்குள்ளேயே உண்டு.
தேய்த்தால் புதுசாய் இருக்கும்,
பெயர் போய்விடும்.

மூடியில் தேநீரை ஊற்றி என்னிடம் நீட்டினார்.
"அந்த 'நேசித்தவர்' வரியை முதலில் தேய்த்துவிடு" என்றார்.
"முப்பது வருடம் படகில் கிடந்த மனிதர்.
கடலைக் கண்டாலே முதுகைத் திருப்பிக்கொள்வார்.
கடைக்காரர் காட்டிய அட்டையில் மூன்று வாசகம் இருந்தது.
எழுத்துக்கு நாலு பவுண்டு.
இருப்பதிலேயே குட்டை இதுதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
பிறகு சிரித்தார், தேநீர் கோட்டில் சிந்தும்வரை.

அந்த ஒரு வரியை மட்டும் தேய்த்தேன். நாற்பது நிமிடம்.
விரல் அகலத்தில் ஒரு தேன்நிறப் பட்டை,
அதற்கு மேலே நரைத்த மரத்தில் அவர் பெயர்.
அடுத்த ஏப்ரலுக்குள் பட்டையும் நரைத்துவிடும்.

மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்:
"இதைத் திருப்பிப் போட முடியுமா,
சாலையைப் பார்த்தாற்போல?"

நாலு போல்ட்டு.
பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் வண்டியில்தான் கிடக்கிறது.
பதிவேட்டைப் புரட்டினேன்,
அதற்கும் கட்டம் இல்லை.