ஏழரை அடிக் கொட்டகை

கதவைச் சாத்தினான் ஷோரூம் பையன்.
தச்சநல்லூர் பைபாஸ் மொத்தமும்
சட்டென்று வாயை மூடிக்கொண்டது.
குளத்தில் முங்கியதும் காதடைக்குமே,
அது மாதிரி.
ஏசிக் காற்று வந்து
என் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தது.

எப்படி மேடம், என்று
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயசைத்தான்.
மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கூடக் கொடுத்தால்
எல்லாம் நல்லாத்தான் இருக்கும், தம்பி.

இறங்கி வந்து கணக்குப் போட்டேன்,
பழைய ரசீதின் முதுகில்.
மணிக்கு ஆயிரத்து இருநூறு வாடகை.
டீசல் போக, பேட்டா போக,
கூனியூர்க்காரர் கடன் சொல்லிவிட்டுப் போனது போக
கையில் நிற்பது நானூறு.
ஆக, எண்ணூற்றைம்பது மணி நேரம்
இந்தக் கண்ணாடிக் கூண்டுக்காக மட்டும் உழ வேண்டும்.
காரும் பிசானமும் சேர்ந்தாலும்
அவ்வளவு தொளி எங்கள் கால்வாய்ப் பாசனத்தில் கிடையாது.
மிச்சத்துக்கு ராதாபுரம்தான்.

ராதாபுரம் என்றால் ஆடி மாசம்.
காற்றாலைகள் கிறுகிறுக்கிற காற்றில்
புழுதி உழவு.
போன வருஷம் ஒன்பது நாள் கழித்து வந்தவனுக்கு
மீசை செம்மண், இமை செம்மண்,
இருமித் துப்பினால் அதுவும்.
வண்டிக்கு நான் வாட்டர் சர்வீஸ் செய்தேன்.
அவன் குளத்துக்குப் போய்க் குளித்துக்கொண்டான்.

களக்காட்டு ஏத்தன் தோட்டத்துக்குள்
கேபினோடு நுழைந்தால்
கிழிந்த இலைக்கெல்லாம் காசு கேட்பார்கள்.
அதுவும் இருக்கிறது.
கேபின் உயரம் ஒன்பதடிக்கு நாலு விரல் கம்மி.
எங்கள் தகரக் கொட்டகை ஏழரை.

சரி, ஓட்டுகிறவனையே கேட்போம்.
அவன் பெயர் ஐகோர்ட்துரை.
பெயரில்தான் கோர்ட்டு.
எதைக் கேட்டாலும் வாய்தா.
இன்றைக்கு மட்டும் உடனே சொன்னான்:
‘ஓப்பனே போதும்க்கா.
வரப்புல ஆள் நிக்கும், சின்னப் பிள்ளைய நிக்கும்.
நிறுத்துன்னு ஒரு சத்தம் போட்டா
காதுல விழணும்லா.’

நியாயம்.
நானூறு ரூபாய்க்காரிக்கு அது
கொஞ்சம் கூடுதலாகவே நியாயமாகப் பட்டது.
ஓப்பன் வண்டிக்கே பில் போடச் சொல்லிவிட்டு
வெளியே வந்து டீ வாங்கினேன், இரண்டு.

துரை, என்றேன்.
டயரை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
துரை.
டீ கையைச் சுட்டது.
ஏலே ஐகோர்ட்டு!
ஷோரூம் பையன் போய்த் தோளைத் தொட்டான்.

‘லாரிச் சத்தம்க்கா’ என்று சிரித்தான்.
ரோட்டில் லாரி இல்லை.
நான் நின்றது அவனுக்கு இடப்பக்கம்.

பதினோரு வருஷம்
பின்னால் உழுவதைப் பார்க்க
வலது தோளுக்கு மேல் திரும்பித் திரும்பி
இடது காதை இஞ்சினுக்குக் கொடுத்திருக்கிறான்.
சம்பள நாளில் மேசையைச் சுற்றி வந்து
அந்த மூலையில் ஒரு பக்கமாக நிற்பான்.
பணிவு என்று நினைத்திருந்தேன்.

பில்லைக் கிழிக்கச் சொன்னேன்.
பையனுக்கு முகமெல்லாம் கமிஷன்.
எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்.
எண்ணூற்றைம்பது மணி நேரம்
இன்னும் அந்த ரசீதின் முதுகில்தான் இருக்கிறது.
அதை உழப்போவதும் அவன்தான்,
நானில்லை.

திரும்பும்போது பஸ்ஸில்
அவனுக்கு வலப்பக்கச் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன்.
ஹைகிரவுண்டில் காது டாக்டர் எந்தக் கிழமை வருவார், தெரியுமா?
வாய்தா.
சேரன்மகாதேவி தாண்டியதும் சொன்னான்:
‘கதவத் தொறந்து போட்டுத்தான்க்கா ஓட்டுவேன்.’
‘ராதாபுரத்துலயும்?’
யோசித்தான்.

முப்பிடாதிக்குப் போன் போட்டேன். வெல்டிங் கடை.
கொட்டகைத் தூணை இரண்டடி உயர்த்த
எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.
என்னவோ ஒரு தொகை சொன்னான்.
பஸ் இரைச்சலில்
போனை மற்றக் காதுக்கு மாற்றி,
இன்னொருக்கச் சொல்லு, என்றேன்.